கெபாயாவுக்குள் ஒரு பை

சோலோ நகரத்துப் பெரிய சந்தையில் பழக்கடை வைத்திருக்கும் துமினி, இடுப்பில் பை கட்டாமல் வெளியே கிளம்பி இருபது வருஷம் ஆகிறது. ஒரு கை தராசுக்கு, இன்னொரு கை பழத்துக்கு. மற்றதெல்லாம் இடுப்பில். சில்லறை, சாவி, கைபேசி, அடையாள அட்டை, தலைவலித் தைலம், சின்னக் கத்தரிக்கோல் எல்லாம் அதற்குள் இருக்கும். விடியுமுன் மாட்டினால் சாயங்காலம் குளிக்கப் போகும்போதுதான் கழற்றுவாள். அந்தச் சந்தையில் இடுப்பில் பையில்லாமல் ஒரு பெண்பிள்ளை நின்றால், அவள் வாங்க வந்தவள் என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவளிடம் போய், மகனுக்குப் பெண் உறுதி பண்ணப் போகிற அன்றைக்கு, பையை வீட்டில் வைத்துவிட்டு வா என்று சொன்னால் எரிச்சல் வருமா வராதா?

சொன்னது நாத்தனார் ரெத்னோ. துமினியின் புருஷன் செத்து ஆறு வருஷமாகிறது. ஆனாலும் அவனுடைய தங்கை, அண்ணி வீட்டு விசேஷம் என்றால் முதல் ஆளாக வந்து நின்றுவிடுவாள். ஜவுளிக்கடையில் வேலை. யார் என்ன நிறத்தில் உடுத்த வேண்டும் என்பதைச் சாமியே அவளிடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறார் என்று அவளுக்கு நினைப்பு.

"கெபாயாச் சட்டை மேல அந்தக் கறுப்பு மூட்டையக் கட்டிக்கிட்டு வந்தீங்கன்னா நான் வண்டியிலயே ஏற மாட்டேன் அண்ணி. பொண்ணோட அப்பா தலைமையாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவரு. அந்த அம்மா பேசினா காத்து வீசுற மாதிரி இருக்கும். அவங்க முன்னாடி போயி பழம் விக்கப் போறீங்களா?"

"பழம் விக்காம உன் அண்ணன் மகன் எப்படிடி வளந்தான்?"

"அதுக்காக இன்னிக்கும் இடுப்புல கடையக் கட்டிக்கிட்டா வருவீங்க?"

ரெத்னோ தோளில் குறுக்காக ஒரு பை மாட்டியிருந்தாள். சங்கிலி மட்டும் மூன்று முழ நீளம், பை சோப்புப் பெட்டி அளவு. அதில் உதட்டுச்சாயம் வைத்தால் கைக்குட்டை போகாது. கைக்குட்டை வைத்தால் ஜிப்பு மூடாது. கைபேசியைக் கையில்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கைய வீசி நடக்கத்தானே பையத் தோள்ல மாட்டுறது. அப்புறம் ஏன் நீ போனக் கையில வச்சிக்கிட்டுத் திண்டாடுற?" என்று கேட்டாள் துமினி.

"இது ஸ்டைலு அண்ணி."

"அப்ப என்னோடது?"

"உங்களோடது ஆபத்து."

இதற்கு மேல் வாதாடினால் போகிற நேரம் தவறிவிடும். துமினி எல்லார் கண்ணும் பார்க்கப் பையைக் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டினாள். மகன் பீமோவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இருபத்தாறு வயது, அச்சகத்தில் வேலை, தாய் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத பிள்ளை. "நல்லா இருக்கீங்கம்மா" என்று மட்டும் சொன்னான். ரெத்னோ ஒரு தங்க நிறப் பையை எடுத்து நீட்டினாள். வாரும் இல்லை, பிடியும் இல்லை. வழுவழுவென்று ஒரு கடித உறை மாதிரி. அதை நாள் முழுக்கக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். அதுதான் நாகரிகமாம்.

துமினிக்கு வயிறெரிந்தது. எங்கள் ஊரில் பெரியவர்களைக் கும்பிட்டுக் கைகொடுப்பது இரண்டு கையாலும். சம்பந்தி வீட்டில் இருபது பேராவது இருப்பார்கள். இருபது பேருக்கும் இரண்டு கை கொடுக்க வேண்டும் என்றால் இந்த உறையை எங்கே வைப்பது, வாயிலா? அதைவிடப் பெரிய கவலை மோதிரம். பெண்ணின் விரலில் மோதிரம் போடுவது மாப்பிள்ளையின் அம்மா. இன்றைக்கு அவள் செய்ய வேண்டிய வேலை அது ஒன்றுதான். அதைப் போட்டால்தான் பேச்சு உறுதி. போடாமல் திரும்பினால், விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்றுதான் கணக்கு. அந்த மோதிரத்தை, எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துபோகிற ஒரு தங்க நிற உறையில் போட அவளுக்கு மனசு வரவில்லை.

அவளிடம் இன்னொரு பை இருந்தது. சாம்பல் நிறக் கித்தான், பழசு. குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, இடுப்புக் கச்சைக்கு மேலே அதைச் சுற்றிக் கொக்கியை மாட்டினாள். மோதிரப் பெட்டி, தைலம், அடையாள அட்டை, சாவிக்கொத்து, நாலு மடிப்புக் கைக்குட்டை எல்லாம் உள்ளே போயின. மேலே கெபாயாவை இழுத்துவிட்டுப் பொத்தான் போட்டாள். கண்ணாடி அந்தக் குளியலறையில் முகம் தெரிகிற அளவுக்குத்தான் உண்டு. முகம் நன்றாகத்தான் இருந்தது.

"மோதிரம் பத்திரமா அண்ணி?" என்று வெளியிலிருந்து ரெத்னோ கேட்டாள்.

"எங்கிட்டதான் இருக்கு. நீ போயி வண்டியில ஏறு."

சீர்ப் பெட்டிகளோடு ரெத்னோவும் மற்ற உறவுக்காரர்களும் ஒரு வண்டியில் போனார்கள். துமினியும் பீமோவும் வாடகைக் காரில், பீமோவே ஓட்டினான். பெண் வீடு தாவாங்மாங்குவில், மலைமேல். பாதை முழுக்க வளைவு. பழ லாரியில் முன்னால் உட்கார்ந்து எத்தனையோ தடவை மலை ஏறியவள்தான் துமினி. ஆனால் இந்த வண்டியில் கண்ணாடியெல்லாம் மூடி, உள்ளே எலுமிச்சை வாசனை என்று சொல்லி ஏதோ ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். எலுமிச்சை விற்கிறவளுக்குத் தெரியாதா அது எலுமிச்சை இல்லையென்று? ஊர் வருவதற்கு இரண்டு வளைவு இருக்கும்போது, "நிறுத்துடா" என்று சொல்லி இறங்கி ஓடினாள். பீமோ பின்னாலேயே வந்து இடுப்பைச் சுற்றித் தாங்கிப் பிடித்தான். அவன் கை கெபாயாவுக்கு அடியில் இருந்த மேட்டில் பட்டது. சுட்டதுபோல எடுத்துக்கொண்டான்.

வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வெளுத்துப்போயிருந்தது. பெற்ற தாய் வாந்தியெடுப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இவன் குழந்தையாக இருந்தபோது இவள் சகித்தது எத்தனை?

அதற்கப்புறம் அவன் வண்டியை அப்படி ஓட்டினான், பின்னால் வந்த சைக்கிள்காரன்கூட முந்திக்கொண்டு போனான்.

"முட்டையா ஏத்திக்கிட்டுப் போற? அழுத்துடா," என்றாள்.

"பரவாயில்லம்மா. மெதுவாவே போவோம்."

"அந்த வண்டி எப்பவோ போயிருக்கும்."

"போகட்டும்மா."

குரல் ஒரு மாதிரி இருந்தது. மாப்பிள்ளைப் பயம் என்று விட்டுவிட்டாள்.

பெண் வீட்டு வாசலில் பெண்ணின் பெற்றோர், ஹார்ஜோனோவும் சுமர்யாதியும், உறவுக்காரர்களோடு வரிசையாக நின்றிருந்தார்கள். துமினி காரைவிட்டு இறங்கியதும் செய்த முதல் காரியம், மோதிரம் இருக்கிறதா என்று வயிற்றில் கைவைத்துப் பார்த்தது. இருந்தது. கையை எடுக்காமலே நாலு எட்டு நடந்தாள். இருபது வருஷமாகக் கூட்டத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நடந்த கை, அதுபாட்டுக்கு அங்கேயே இருந்தது. வாந்தியெடுத்த களைப்பில் கொஞ்சம் பின்னால் சாய்ந்த நடை வேறு. சுமர்யாதியின் பார்வை துமினியின் முகத்திலிருந்து இறங்கி, அந்தக் கை இருந்த இடத்தில் நின்றுவிட்டது.

உங்களுக்குப் புரிந்திருக்கும். வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் புரிந்தது. துமினி ஒருத்திக்குத்தான் புரியவில்லை. அவளுக்கு மட்டும்தான் உள்ளே இருப்பது பை என்று தெரியும்.

கைகொடுக்கும் வரிசை தொடங்கியது. துமினி தங்க உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். மூன்றாவது ஆளிடம் உறை நழுவிக் கீழே விழுந்தது. இவள் குனிவதற்குள் நாலு பெண்கள் பாய்ந்தார்கள்.

"குனியாதீங்க, குனியாதீங்க. நாங்க எடுக்குறோம்."

"அட, இதுல என்ன இருக்கு. நான் எடுத்துக்கிறேன்."

"வேணாங்க. நீங்க நேரா நில்லுங்க."

எடுத்துக் கையில் கொடுத்தார்கள். ஆறாவது ஆளிடம் மறுபடி விழுந்தது. மறுபடி நாலு பேர் பாய்ந்தார்கள். இந்தச் சனியனைக் கொண்டுபோய் அருவியில் எறிந்துவிட்டு வரலாமா என்று துமினிக்குத் தோன்றியது.

உள்ளே கூடம் முழுக்கப் பாய் விரித்திருந்தார்கள். எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். துமினிக்கு மட்டும் ஒரு நாற்காலி வந்தது. முதுகுக்கு ஒரு தலையணை வந்தது. காலுக்கு ஒரு முக்காலி வந்தது.

"நான் கீழயே உக்காந்துக்கிறேங்க. பாய்ல உக்காராதவளா நானு," என்றாள்.

"அது எப்படிங்க. இப்ப இருக்குற நிலமையில நீங்க எங்களுக்காக மலையேறி வந்ததே பெரிசு," என்றாள் சுமர்யாதி. அவள் குரல் நிஜமாகவே காற்று வீசுகிற மாதிரிதான் இருந்தது.

இப்ப இருக்குற நிலமையா? துமினி யோசித்தாள். நாற்பத்தேழு வயசை இவர்கள் அவ்வளவு கிழடு என்று நினைக்கிறார்களா? ரெத்னோ தேர்ந்தெடுத்த இந்தக் கெபாயா நிறம் முகத்தில் அடிக்கிறதோ என்னவோ. ஊரே தரையில் உட்கார்ந்திருக்க, தான் மட்டும் உயரத்தில், கோயில் யானை மாதிரி இருந்தது அவளுக்கு எரிச்சலாக வந்தது.

தேநீர் வந்தது. பலகாரம் வந்தது. பழத்தட்டும் வந்தது. துமினி தன் கடையிலிருந்து தானே முகர்ந்து, தட்டி, பொறுக்கிக் கொண்டுவந்த அன்னாசி, வட்டம் வட்டமாக நறுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். பக்கத்தில் இருந்த ஒரு சித்தி அவள் கையிலிருந்து அதை அப்படியே வாங்கித் தட்டில் வைத்துவிட்டாள்.

"அன்னாசி உங்களுக்கு வேணாங்க. வாழப்பழம் சாப்பிடுங்க."

"இது நான் கொண்டுவந்த பழங்க. தேன் மாதிரி இருக்கும். பயப்படாதீங்க."

"பழம் நல்ல பழந்தாங்க," என்று அந்தச் சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

புளிக்கவைத்த மரவள்ளிக் கிழங்கு அவள் முன்னால் வராமலே சுற்றிப் போனது. டுரியான் பக்கத்து அறைக்கே போய்விட்டது. கடைசியில் அவளுக்குக் கிடைத்தது ஒரு வாழைப்பழமும் ஒரு தம்ளர் பாலும். பால் குடித்து எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்கே ஞாபகமில்லை.

"உங்க வீட்டுக்காரர் தவறி எத்தன வருஷம் ஆகுதுங்க?" என்று சுமர்யாதி மெதுவாகக் கேட்டாள்.

"ஆறு வருஷம் ஆச்சுங்க."

"ஆறு," என்றாள் சுமர்யாதி. பக்கத்திலிருந்தவள் விரல் மடக்கிக் கணக்குப் பார்ப்பதை நிறுத்தினாள்.

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி விஷயத்தை நேராகக் கேட்கிற வழக்கம் கிடையாது. வீடு பற்றிக்கொண்டு எரிந்தாலும், இன்றைக்கு வெக்கை கொஞ்சம் அதிகமோ என்றுதான் ஆரம்பிப்போம். அது நாகரிகம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த நாகரிகத்தால் எத்தனை வீடு எரிந்தது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்த நேரத்தில் பீமோ எழுந்து ஹார்ஜோனோவின் காதில் என்னவோ சொன்னான். இருவரும் பின்கட்டுக்குப் போனார்கள். பெண் லாரஸும் உள்ளறையிலிருந்து எழுந்து பின்னாலேயே போனதைத் துமினி பார்த்தாள். கால்மணி நேரம் கழித்து வந்தார்கள். பீமோவின் கண் சிவந்திருந்தது. ஹார்ஜோனோ யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"எங்கடா போன? என்ன பேசுன?"

"ஒண்ணுமில்லம்மா. நீங்க பாலைக் குடிங்க."

"பால் பாலுன்னு ஏண்டா எல்லாரும் உயிரெடுக்கிறீங்க?"

"கத்தாதீங்கம்மா. உடம்புக்கு ஆகாது."

அவனை அங்கேயே ஒரு அறை விடலாமா என்று இருந்தது. கல்யாணம் பேச வந்த இடத்தில் மாமனாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச இவனுக்கு என்ன இருக்கிறது? சண்டை போட்டிருப்பானோ? ஏதாவது கேட்கக் கூடாததைக் கேட்டுத் தொலைத்தானோ? லாரஸை அவளுக்குப் பிடித்திருந்தது. கடைக்கு முதல்முதல் வந்தபோது, வாங்குகிற பழத்தை அமுக்கிப் பார்க்காமல் எடுத்த பெண் அவள். அப்படி ஒருத்தி இன்னொரு தடவை கிடைக்க மாட்டாள்.

கழுவறைக்குப் போகிற வழியில் ரெத்னோ வந்து மறித்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"என்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலயா அண்ணி? மறைச்சிக்கிட்டே வந்திருக்கீங்க."

தெரிந்துவிட்டது, பையைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று துமினி நினைத்தாள். "சொன்னா நீ விட்டிருப்பியா? ஊரக் கூட்டியிருப்ப."

"ஆறு வருஷம் தனியா இருந்தீங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இன்னிக்கா அண்ணி? இந்த எடத்துலயா?"

"இன்னிக்குத்தான் தேவைப்பட்டுச்சு," என்று சொல்லிவிட்டுத் துமினி விறுவிறுவென்று நடந்தாள். ஒரு பைக்கு இவ்வளவு அழுகையா? ரெத்னோவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவு செய்தாள்.

கடைசியில் பேச்சு தொடங்கியது. ஹார்ஜோனோ தொண்டையைச் செருமினார். மலைக் குளிர், மழை, காரட் விளைச்சல், வந்தவர்களின் பெருந்தன்மை என்று ஒரு சுற்று சுற்றி வந்தார். அப்புறம் குரலை இறக்கினார்.

"நாள் பொருத்தத்த இன்னொரு தடவ பாத்துடலாமேன்னு ஒரு எண்ணம்ங்க."

"அது போன மாசமே பாத்தாச்சுங்களே. நல்லாப் பொருந்துதுன்னு நீங்கதான் சொன்னீங்க," என்றாள் துமினி.

"சொன்னேங்க. இருந்தாலும் அவசரம் என்னன்னு... உங்க வீட்டுலயும் ஒரு நல்ல காரியம் இருக்கு. அது முதல்ல சுகமா முடியட்டும். இன்னும் நாலஞ்சு மாசந்தானே. அப்புறம் இத நிதானமாப் பாத்துக்கலாம்."

"எங்க வீட்டுல என்ன காரியம்? இவன் ஒருத்தன்தானே எனக்கு."

இருபது பேரும் பாயின் பின்னலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பீமோ தலை நிமிரவில்லை. அதைப் பார்த்ததும் துமினிக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இவர்கள் பெண்ணைக் கொடுக்கப் போவதில்லை. பழக்காரியின் வீடு வேண்டாம் என்று நினைத்துவிட்டார்கள். நாற்காலி, தலையணை, பால் எல்லாம் போட்டு, மரியாதையாக வாசல்வரை கொண்டுவந்து விடப் போகிறார்கள்.

கோபம் தலைக்கேறியது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு எழுந்தாள்.

"தேதிய நீங்க எப்ப வேணா வச்சுக்கங்க. ஆனா மோதிரம் போட்டுட்டுத்தான் நான் இந்த மலைய விட்டு எறங்குவேன். என் மகனுக்கு ஒரு குறையும் கிடையாது. வேணாம்னா வேணாம்னு என் மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிக் கெபாயாவின் கீழ்ப் பொத்தான்களைக் கழற்றினாள். பின்னால் பெண்கள் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. ஹார்ஜோனோ கண்ணை மூடிக்கொண்டார். "அண்ணி, அண்ணி," என்று ரெத்னோ ஓடி வந்தாள். கச்சைமேல் கொக்கி சிக்கிக்கொண்டிருந்தது. இரண்டு இழுப்பு இழுத்தும் வரவில்லை. மூன்றாவது இழுப்பில் வந்தது. கெபாயாவைச் சரிசெய்துகொண்டு திரும்பி, சாம்பல் நிறப் பையைப் பாயின் நடுவில் போட்டாள். சாவிக்கொத்து உள்ளே இருந்ததால் சத்தமாகவே விழுந்தது.

இருபது பேரும் பையைப் பார்த்தார்கள். அப்புறம் துமினியின் வயிற்றைப் பார்த்தார்கள். அது பாயைப் போலத் தட்டையாக இருந்தது. மறுபடி பையைப் பார்த்தார்கள்.

"பையா?" என்றாள் சுமர்யாதி. இப்போது அவள் குரலில் காற்று இல்லை.

"பைதான். வேற என்னன்னு நெனச்சீங்க?"

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. நாற்காலி, அன்னாசி, பால், ஆறு வருஷம், நாலஞ்சு மாசம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து மண்டையில் இறங்கின. துமினிக்குக் காது மடல்வரை சூடானது.

"அட கடவுளே. நாப்பத்தேழு வயசுல, விதவை, மூணு மணிக்கு எந்திரிச்சு அஞ்சு மணிவரைக்கும் கடையில நிக்கிறவ... எனக்கு நேரம் ஏதுங்க? இத்தன பேரு இருக்கீங்க. ஒருத்தருக்காவது வாயத் தொறந்து கேக்கணும்னு தோணலயா? ஒரு வார்த்த கேட்டிருந்தா இவ்வளவு நேரம் நான் பால் குடிச்சிருக்க வேண்டாமே."

ரெத்னோ தன் சோப்புப் பெட்டிப் பையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. சித்தி பெருமூச்சு விட்டாள். சுமர்யாதி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"கேக்க நெனச்சோம்ங்க," என்றார் ஹார்ஜோனோ. வெட்கத்தில் அவர் குரல் கம்மியிருந்தது. "உங்க மகன்தான் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"இவனா? இவன் என்ன சொன்னான்?"

பீமோ எழுந்து வெளியே போகப் பார்த்தான். வாசலில் செருப்புக் குவியல் வழிமறித்தது.

"பின்கட்டுல வந்து சொன்னாருங்க. எங்கம்மாவப் பாத்திருப்பீங்க, நானும் இன்னிக்குத்தான் பாத்தேன், நான் அவங்களக் கேக்கல, கேக்கவும் மாட்டேன், நீங்களும் யாரும் ஒரு வார்த்த கேட்டு அவங்க மனசக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னாரு. பொறக்கப்போறது என் தம்பியோ தங்கச்சியோ, என் வீட்டுலதான் வளரும், நான்தான் வளப்பேன். அந்த வீட்டுக்கு உங்க பொண்ணக் குடுக்க முடியும்னா குடுங்க, இல்லன்னா எங்கம்மாவ நான் தலகுனிய விடாமக் கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்னாரு."

துமினி மகனைப் பார்த்தாள். இவன் இந்தப் பெண்ணுக்காக மூன்று வருஷம் காத்திருந்தது அவளுக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய் ஒரு கித்தான் பைக்காகப் பின்கட்டில் பணயம் வைத்துவிட்டு வந்திருக்கிறான். அம்மா, இது என்ன என்று ஒரு தடவை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். இவனும் அதே ஊர்க்காரன்தானே, எங்கே கேட்பான்? அடிக்கவா கட்டிக்கொள்ளவா என்று தெரியாமல், கிட்டே போய் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்களே என்றுகூட யோசிக்கவில்லை.

"யாருன்னுடா நெனச்ச?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு காதில் கேட்டாள்.

"பழ லாரி ஓட்டுற ஜோயோ அண்ணன்..."

"பேரன் எடுத்தவருடா அவரு."

"தெனமும் உங்களுக்குக் கூடைய எறக்கிக் குடுக்குறாரேம்மா."

"கூடைய எறக்கிக் குடுத்தா?" என்று கேட்டு இன்னொரு அடி வைத்தாள்.

ஹார்ஜோனோ மறுபடி செருமினார். "இன்னொண்ணும் சொல்லிடுறேங்க. தயங்கினது நாங்கதான். லாரஸ் தயங்கல. அங்கயே, அவரு முன்னாடியே, சரின்னு சொல்லிட்டா. தள்ளிப்போடலாம்னு சொன்னது என்னோட யோசன."

லாரஸ் உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். துமினி அவளைக் கைநீட்டிக் கூப்பிட்டாள். அவள் வந்து முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். துமினியும் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். பையின் ஜிப்பை இழுத்துப் பெட்டியை எடுத்து மோதிரத்தைக் கையில் பிடித்தாள். பத்துக் கிலோக் கூடையைத் தூக்குகிற கைகளுக்கு அந்தச் சின்ன வளையம் பிடிபடவில்லை. விரலில் மோதிரம் ஏறவில்லை. லாரஸே விரலை முன்னால் கொண்டுவந்து, மோதிரத்துக்குள் நுழைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, நெசமாவே சரின்னியா? எவளோ ஒரு கெழவி பெத்துப்போட, நீ வந்து வளக்குறதாம்மா?"

"எவளோ இல்லையேம்மா," என்றாள் லாரஸ். அப்புறம் கொஞ்சம் வெட்கத்தோடு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, "பின்கட்டுல இருந்து வரும்போதே, பொண்ணாப் பொறந்தா வைக்கலாம்னு ஒரு பேருகூட யோசிச்சிட்டேன். சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லாத," என்றாள் துமினி கோபமாக. "சொன்னா நான் அழுதுருவேன்."

அவள் சொல்லவில்லை. துமினி அழுதாள்.